உரலிலிருந்து வாசிப்பது

கொல்லிமலையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் வல்வில் ஓரியைக் கூப்பிடுகிறார்கள். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு, ஆடியில் அரசு விழாவும் உண்டு. யானை தொடங்கி உடும்பு வரை ஒரே அம்பு துளைத்துப் போனதை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறவளைத் தலைவியாக்கிக் கொண்டாடும் நம் இலக்கிய வாசிப்பு, அறுத்த தினையைக் குத்திப் புடைத்தவளின் கை காய்த்துப்போனதைக் கண்டுகொள்வதில்லை.

இப்போது ஓரியின் பக்கத்தில் இன்னொரு கதையாடல் வந்து நிற்கிறது. பருவநிலை நெருக்கடியைச் சிறுதானியத்தால் எதிர்கொள்ளும் மலைச் சமூகம் என்பது அதன் பேர். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததோடு இவ்வகைக் கட்டுரைகள் பெருகிவிட்டன. மலையாளிப் பழங்குடிகள் மரபை மறந்தார்கள், மரவள்ளிக்குப் போனார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் நினைவூட்டினார்கள், மீண்டார்கள். இந்த 'மறந்தார்கள்' என்ற சொல்லைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

சாமை உமி லேசில் கழலாது. காடு கழனி வேலை முடித்து வந்து உரலில் போட்டுக் குத்தணும், புடைக்கணும், திரும்பக் குத்தணும். ஆம்பளை யாரும் அந்த உலக்கையைத் தொட்டதாகக் கதையில்லை. மரவள்ளியோ சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற சரக்கு; பிடுங்கி லாரியில் ஏற்றினால் காசு. ரேஷன் அரிசியைக் குத்த வேண்டியதில்லை. மலைப் பெண்கள் உலக்கையைக் கீழே போட்டது மறதி அல்ல, அது ஒரு தீர்ப்பு.

எங்க ஆயா பண்ணையத்து வேலை முடிந்து ராத்திரியில் கம்பு குத்துவாள். அந்தக் களியைத் தூக்குப்போசியில் கொண்டுபோன என்னைப் பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்று அதே தானியம் 'ஆரோக்கியம்' என்று கடையில் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கிறது. எனவே 'மரபு' என்று யாராவது உருகினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. விதை வங்கி வைத்தார்கள். வாங்கிய விதையை அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தரும் ஏற்பாடு. இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் என் வாசிப்பில் திருப்புமுனை, சுய உதவிக் குழுக்கள் கைக்கு வந்த உமி நீக்கும் இயந்திரம். மில் இல்லாமல் சாமை அடுப்புக்குத் திரும்பியிருக்காது. நிறுவனங்களின் வெற்றிக் கதைகளில் இது ஒரு வரியில் கடந்துபோகிறது.

மழை பொய்க்கிற காலத்தில் இதற்கு மதிப்பு அதிகம். சாமை சில மாதத்தில், மானாவாரியில், மெலிந்த மண்ணிலும் விளைந்துவிடும். மரவள்ளி வருஷத்தின் பெரும்பகுதி சரிவில் நிற்கும். கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் கரைகிறது. 2020இல் இந்தியாவுக்குள் நுழைந்த மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் மரவள்ளியை என்ன பாடு படுத்தியது என்று விவசாயிகளுக்குத் தெரியும்.

கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, மூக்கந்தினை, சட்டைக்கேழ்வரகு. மலைக்காரர்கள் வைத்த இந்தப் பெயர்களை ஆய்வறிக்கைகள் அட்டவணையில் போடுகின்றன. நான் இவற்றை இலக்கியமாகவே வாசிக்கிறேன். ஓரியைப் பாடிய புலவனுக்குப் பெயர் இருக்கிறது, இந்தப் பெயர்களைக் கட்டியவளுக்கு இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவர் ரகங்களைப் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. அங்கேயும் 'சமூகம்' என்று எழுதிவிட்டால், விதை பொறுக்கித் தொம்பையில் சேர்த்தவள் அதற்குள் காணாமல் போவாள்.

'சமூகம்' ஒன்றும் தூய்மையான சொல் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி நாங்கள் என்று மலையாளிகளிடமே ஒரு தோற்றக்கதை உண்டு. பழங்குடி என்றதும் சாதிப் பெருமை கழன்றுவிடும் என்று நம்புகிற தோழர்கள் அதையும் வாசிக்கத்தான் வேண்டும்.

அடுத்த முறை செம்மேடு போகிறவர்கள் ஓரி சிலையைப் படம் எடுத்த கையோடு, மில் எந்த ஊரில் ஓடுகிறது, ஒரு படி சாமைக்கு என்ன கூலி, பெல்ட் அறுந்தால் யார் செலவில் மாற்றுகிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.