பச்சை மனிதர்களும் நம் விலாசமும்

அவி லோபின் ‘எக்ஸ்ட்ராடெரஸ்ட்ரியல்’ (2021) நூலை ஒரே மூச்சில் படித்துவிடலாம். நானும் அப்படித்தான் படித்தேன். மூடி வைத்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2017 அக்டோபர் 19 அன்று, ஹவாயின் ஹலேயகலா மலையிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் ஒரு பொருள் சிக்குகிறது. பாதையைக் கணக்கிட்டால், அது நம் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. வேறெங்கிருந்தோ வந்து, சூரியனை வளைந்து, வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அப்படி நம் கண்ணில் பட்ட முதல் விருந்தாளி. பெயர் ஓமுவாமுவா. வால்நட்சத்திரம் போல வாயுவோ தூசியோ தென்படவில்லை. ஆனால் ஈர்ப்பு விசையால் மட்டும் விளக்க முடியாத ஒரு சின்னத் தள்ளல் அதன் ஓட்டத்தில் இருந்தது. ஏன்? சூரிய ஒளி தள்ளி நகர்த்தும் மெல்லிய ஒளிப்பாய் அது, வேற்று நாகரிகம் ஒன்று செய்தது என்கிறார் லோப்.

இருக்கட்டுமே, அதிலென்ன தப்பு? தப்பில்லை. ஊகம் இல்லாமல் அறிவியல் நகராது. சரக் கோட்பாட்டுக்கும் பல்பிரபஞ்சத்துக்கும் மரியாதை தருகிறவர்கள் வேற்றுயிர்த் தேடல் என்றால் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. நூலின் பலமே அந்த இடம்தான்.

என் பிரச்சினை வேறு. லேசரால் தள்ளப்படும் ஒளிப்பாய்களை நட்சத்திரங்களுக்கு அனுப்ப 2016-ல் அறிவிக்கப்பட்ட ‘பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட்’ திட்டத்தில் லோபும் ஒருவர். கையில் இருப்பதே வானத்திலும் தெரிகிறது. இயற்கையான விளக்கங்களுக்கெல்லாம் கறாரான நீதிபதியாக இருப்பவர், தன் ஒளிப்பாய்க்கு மட்டும் பாசமுள்ள அப்பாவாகிவிடுகிறார். நிரலில் பிழை வந்தால், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கம்பைலரைத்தான் திட்டுவார். கம்பைலரிலும் எப்போதாவது பிழை இருக்கும்தான். ஆனால் நம் கோடை வரிவரியாகப் பார்த்து முடித்த பிறகே அதைச் சொல்ல நமக்கு உரிமை.

இதே இடத்தில் முன்பு ஒருவர் நின்றிருக்கிறார். 1967, கேம்பிரிட்ஜ். ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல், தானும் சேர்ந்து கம்பம் நட்டுக் கம்பி இழுத்த நாலரை ஏக்கர் ரேடியோ தொலைநோக்கியிலிருந்து தினமும் நூறடி நீளத்துக்கு வரும் வரைதாளைக் கண்ணாலேயே அலசிக்கொண்டிருந்தார். தேடியது குவாசர்களை. கிடைத்தது ஒரு சின்னக் கிறுக்கல். விரித்துப் பார்த்தால், 1.337 நொடிக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி துடிப்பு. அதற்கு விளையாட்டாக வைத்த பெயர் எல்ஜிஎம்-1. குட்டிப் பச்சை மனிதர்கள்!

அவர்களும் ஊகித்தார்கள். ஆனால் கையோடு அந்த ஊகத்தைச் சாகடிக்கவும் வழி தேடினார்கள். கருவிக் கோளாறா? இன்னொரு தொலைநோக்கியில் பார்த்தார்கள், அதிலும் தெரிந்தது. ஒரு கோளிலிருந்து வருகிறதென்றால், அந்தக் கோள் தன் சூரியனைச் சுற்றச் சுற்றத் துடிப்பின் இடைவெளி மாறணுமே? அப்படி எதுவும் காணவில்லை. டிசம்பரில் வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பைப் பெல் கண்டுபிடித்தார். இரண்டு நாகரிகங்கள் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி நமக்கு சிக்னல் அனுப்புமா என்ன? பச்சை மனிதர்கள் அதோடு காலி. மிஞ்சியது பல்சர், வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். 1974-ன் நோபல் பரிசு பெல்லுக்கு வராமல் அவருடைய வழிகாட்டிக்குப் போனது தனிக் கதை.

இதனால் யாருக்கு என்ன லாபம்? அடிப்படை ஆராய்ச்சி என்றாலே வந்துவிடும் கேள்வி இது. நாம் வைஃபை, ஜிபிஎஸ் என்று பட்டியல் போடுகிறோம். லோப் வேற்றுகிரகவாசியைக் காட்டுகிறார். இரண்டும் லாட்டரிச் சீட்டு விற்கிற வேலை. பல்சர் கதையில் பச்சை மனிதர் என்ற பரிசு விழவே இல்லை. ஆனால் 1974-ல் கண்டுபிடித்த ஒரு ஜோடிப் பல்சர் ஈர்ப்பலைகளுக்கு முதல் மறைமுகச் சான்றைத் தந்தது. 1992-ல் சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதன்முதலாக உறுதியான கோள்கள் சுற்றிக்கொண்டிருந்ததும் ஒரு பல்சரைத்தான். 1972-ல் பயனியர் 10 சுமந்துபோன பலகையில் நம் சூரியன் இருக்குமிடத்தை 14 பல்சர்களைக் கொண்டு வரைந்திருந்தார்கள். யாரோ நமக்குப் போட்ட கடிதமோ என்று ஐந்து வருடம் முன்பு சந்தேகப்பட்ட அதே சமாச்சாரம், நாம் யாருக்கோ போட்ட கடிதத்தில் விலாசமாகிவிட்டது.

ஓமுவாமுவாவின் தள்ளலுக்கு 2023-ல் ஒரு சாதுவான விளக்கம் வந்தது: பனிக்கட்டிக்குள் சிக்கியிருந்த ஹைட்ரஜன், சூரிய வெப்பத்தில் வெளியேறியிருக்கலாம். அது சரியா என்று அடுத்தடுத்த விருந்தாளிகளிடம்தான் சோதிக்க வேண்டும். அதுவரை வரைதாளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டும். பரிசு விழும் என்று சத்தியம் பண்ணச் சொல்லாமல் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க நாமும் வேண்டும்.