மறுத்தல்

சாப்பாட்டுக் கடைப் பலகையில் 'சைவம்' என்று இருந்தால் தமிழன் அதைச் சமயத்தின் பெயராக வாசிப்பதில்லை. பெரிய புராணத்தில் கண்ணப்பன் தன் வாயில் அதுக்கிச் சுவை பார்த்த பன்றி இறைச்சியைச் சிவனுக்குப் படைக்கிறான். சேக்கிழாருக்கு அதில் கூச்சமில்லை. அந்தச் சமயத்தின் பெயர் மரக்கறியின் பெயரானபோது, விலங்கின் சாவு பற்றிய கேள்வி உண்பவனின் பிறப்பைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. உயிர் மறைந்து தீட்டு நின்றது.

குறளின் 26ஆம் அதிகாரத்தையும் இந்தத் தீட்டின் வழியாகத்தான் படிக்கிறார்கள். 'புலால் மறுத்தல்' ஆசாரம் பற்றிய போதனையாம். ஆனால் துறவறவியலில் அது 'அருளுடைமை'க்கு அடுத்து நிற்கிறது. பத்துக் குறளிலும் குலம் பற்றிய பேச்சே இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்துவது 256ஆம் குறள். தின்பதற்கென்று உலகம் கொலையை வேண்டாவிட்டால், விலைக்கு இறைச்சி தர ஆள் இருக்காது என்கிறது. வங்கியில் பேரேடு எழுதுகிறவனுக்கு இது உடனே பிடிபடும். ஒரு பக்கத்துப் பற்று இன்னொரு பக்கத்தில் வரவாக இருந்தே தீரும். கத்தி பிடித்தவன் தலையில் பாவத்தைக் கட்டிவிட்டு இலையின் முன் உட்காரும் சௌகரியத்தை வள்ளுவர் தரவில்லை.

இந்தத் தர்க்கம் கசாப்புக் கடையோடு நிற்காது. பசுவோ எருமையோ, ஈன்றால்தான் பால். ஈன்றதில் ஏறக்குறையப் பாதி ஆண் கன்று. டிராக்டர் வந்தபின் அதற்கு வேலை குறைந்தது. தீனி போட்டுக் கட்டுபடியாகாதவன் விற்கிறான். பால் வற்றிய மாடும் அதே வழியில் போகிறது. பால் உற்பத்தியில் உலகின் முதல் நாடாக இருக்கும் இந்தியா, எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் இருப்பது தற்செயல் அன்று. காப்பியை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவனும் விலை கொடுத்தவன்தான்.

அப்படியானால் எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா? இங்கே எனக்குச் சாத்தனார் துணை. மணிமேகலையில், கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனிடம், தங்களால் இயன்ற அறத்தைச் சொல்லும்படி நாகர் தலைவன் கேட்கிறான். மூத்துத் தானே செத்த விலங்கை விட்டு வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான் சாதுவன். புலாலுக்கு இடம் வைத்துவிட்டுக் கொலையை விலக்குகிறான். உண்பவனின் தகுதியை அவன் அளக்கவில்லை.

நம் கதைகளில் கறிக்குழம்பு பெரும்பாலும் சாதியையோ வறுமையையோ விருந்தையோ காட்டத்தான் வருகிறது, ஆடு வருவதில்லை. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' (2016) ஒரு வெள்ளாட்டையே நடுவில் நிறுத்தியது பெரிய விஷயம். இனி எழுத்தில் எனக்கு வேண்டியது காசை நீட்டுகிற கை.

அதில் பிறப்பால் உண்ணாதவனுக்குச் சலுகை கிடையாது. கள்ளுக்கு 'உண்ணாமை' என்று அதிகாரப் பெயர், புலாலுக்கோ 'மறுத்தல்'. உண்ணாமைக்குப் பழக்கம் போதும். மறுக்கிறவனுக்கு எதை மறுக்கிறோம், அது எப்படிச் செத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர், உண்பவரும் உண்ணாதவரும், இதுவரை எதையும் மறுத்ததில்லை.