பிணை என்னும் சொல்

சீறாப்புராணத்தைப் பற்றி மேடைகளில் பேசுவோர் தவறாது எடுத்துக்கொள்ளும் படலங்களுள் ஒன்று, நுபுவ்வத்துக் காண்டத்திலுள்ள ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’. உமறுப் புலவரின் சொல்வளத்தைக் காட்ட விழைவோர் அதனை நாடுவர். பெருமானார் (ஸல்) அவர்களின் அற்புதங்களை எடுத்துரைக்க விழைவோரும் அதனையே நாடுவர். இரு சாராருக்கும் வேண்டியது அதில் நிறைய உண்டு. ஆயினும், படலத்தின் பெயரிலேயே நிற்கும் ‘பிணை’ என்னும் சொல் நம் பேச்சுகளில் போதிய கவனம் பெறவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அது வழக்கு மன்றத்துச் சொல். விலங்கொன்று மனிதனிடம் எதனைக் கேட்கலாம், மனிதன் அதற்கு எதனைக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்னும் வினாவே இப்படலத்தின் உயிர்நிலை என்பது நம் கருத்து.

கதை நாம் அறிந்ததே. வேடனொருவன் பிடித்துக் கட்டிவைத்த பெண்மான், அவ்வழியே வந்த அண்ணலாரைக் கண்டு தன் குறையை முறையிடுகிறது. தன் இனத்தைப் பிரிந்து தான் அகப்பட்டதையும், பால் மறவாத கன்று பசித்திருப்பதையும் சொல்கிறது. சென்று பாலூட்டித் திரும்பிவர விடை கேட்கிறது. காட்டு மான் விட்டபின் திரும்பி வருமோ என்று வேடன் மறுக்கிறான். நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணை நிற்கிறார்கள். மான் வாராதாயின் ஒன்றுக்கு இரண்டாகத் தருவதாக வாக்களிக்கிறார்கள். மான் செல்கிறது, கன்றையும் உடனழைத்துக்கொண்டு மீள்கிறது. வேடன் வியந்து ஈமான் கொள்கிறான். மான் விடுதலை பெறுகிறது.

இதில் முதலில் நோக்கத்தக்கது, வேடன் கொடியவனாகப் பழிக்கப்படவில்லை என்பது. வேட்டை மார்க்கத்தில் ஆகுமாக்கப்பட்ட தொழில். பிடித்தவனுக்கே வேட்டைப் பொருள் உரியது. அவ்வுரிமையை அண்ணலார் மறுக்கவில்லை. அதிகாரத்தால் மானைப் பறித்து அவிழ்த்துவிடவும் இல்லை. வேடனுக்கு இழப்பு நேர்ந்தால் ஈடு செய்யும் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவது, மான் கேட்பது தன் உயிரை அன்று. கன்றின் பாலையே கேட்கிறது. ஆக, வேடனின் உடைமை ஒருபுறம், கன்றின் பசி மறுபுறம். இரண்டுக்கும் நடுவே பிணை. வெறும் இரக்கக் கதையாயின் இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. ‘ஐயோ பாவம், விட்டுவிடு’ என்பதே போதும்.

தமிழில் ‘பிணை’ என்பது பெண்மானுக்கும் பெயர். ஈடாக நிற்றலுக்கும் பெயர். பிணைக்குப் பிணை நின்றார் என்று சொல்லும் வாய்ப்பை இம்மொழியே புலவர் கையில் கொடுத்திருக்கிறது. சிலேடையாக இதனைச் சுவைத்துவிட்டு நாம் அப்பால் செல்கிறோம். ஆனால் பிணை நிற்பது யாருக்காக? வாக்குக் கொடுக்கவும் காக்கவும் வல்லவர் என நாம் மதிக்கும் ஒருவருக்காகத்தான். கட்டுண்ட விலங்கொன்றின் சொல்லுக்கு நபியொருவர் பொறுப்பேற்கிறார் என்று பாடியபோது, புலவர் அவ்விலங்கை உடைமை என்னும் நிலையிலிருந்து வழக்கில் ஒரு தரப்பு என்னும் நிலைக்கு உயர்த்திவிட்டார்.

இவ்வுயர்வின் அருமை நம் ஃபிக்ஹு நூல்களோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். வளர்ப்பு விலங்குக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளன் மீது கடமை என்பதில் இமாம்களிடையே பிணக்கில்லை. கொடுக்க மறுப்பவனை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. தீனி கொடு, அன்றேல் விற்றுவிடு, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடு என்று ஆட்சியாளர் அவனைக் கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்தோ, அது அல்லாஹ்வுக்கு அவன் பதில் சொல்லவேண்டிய கடமை, காழி தீர்ப்பளித்து நிர்ப்பந்திக்கத் தக்கதன்று என்பது. இமாம் அபூயூசுஃப் அவர்கள் இதனின்று வேறுபட்டு, நிர்ப்பந்திக்கலாம் என்றார்கள். பெரும்பான்மைக் கருத்துக்குச் சொல்லப்படும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது: தீர்ப்புக்கு உரிமை கோரும் வாதி ஒருவர் வேண்டும், விலங்கு அத்தகுதி உடையதன்று. சட்டம் தயங்கி நின்ற இவ்விடத்தில்தான் காப்பியம் மானுக்கு வாய் கொடுத்தது.

மான் கேட்ட பொருளும் கற்பனையன்று. குட்டிக்குக் கேடு விளையுமளவுக்குத் தாயின் பாலைக் கறக்கலாகாது என்று ஷாபிஈ சட்ட நூல்கள் விதிக்கின்றன. 1262ஆம் ஆண்டில் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள் தம் ‘கவாயிதுல் அஹ்காம்’ நூலில், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்படாது போனாலும் அதற்குச் செலவிட வேண்டும். தாங்காத சுமையை ஏற்றலாகாது. அதன் கண்ணெதிரே அதன் குட்டிகளை அறுக்கலாகாது என்று அப்பட்டியல் நீளும். ‘உரிமை’ என்னும் சொல்லையே ஓர் இமாம் 13ஆம் நூற்றாண்டில் விலங்குக்கு வழங்கியிருக்கிறார்கள்.

இனிப் படலத்தின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பிப் போகாதே என்று இனம் தடுக்கும்போது, நபியின் வாக்கைப் பொய்ப்பிக்க மாட்டேன் என்று மான் நிற்குமிடம் காப்பியத்தின் சிகரங்களுள் ஒன்று. ஆனால் அங்கேயே கதையின் எடை மாறிவிடுகிறது. கன்றின் பசி பின்னே சென்று, மானின் விசுவாசம் முன்னே வந்துவிடுகிறது. முடிவில் வேடன் மானை விடுவது, அதன் கன்றுக்குத் தான் கடமைப்பட்டவன் என்று உணர்ந்ததால் அன்று. அற்புதம் கண்டு வியந்ததால். பேசாத மானாய், வாக்களிக்கத் தெரியாத மானாய் இருந்திருந்தால் என் செய்திருப்பான் என்னும் வினாவுக்குப் படலத்தில் விடை இல்லை. நாம் நாள்தோறும் காணும் ஆடும் மாடும் பேசாதவை. அவ்வினா நமக்குரியது.

அதற்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. மான் பேசிய செய்தி அற்புதங்களைத் தொகுத்த நூல்களில் காணப்படினும், அதன் அறிவிப்புத் தொடர் வலுவற்றது என்று ஹதீஸ் கலை வல்லார் பலர் கூறியுள்ளனர். காப்பியத்துக்கு அது இழுக்கன்று. புலவர் ஹதீஸ் தொகுக்க வந்தவர் அல்லர். ஆனால் அபூதாவூத் தொகுப்பில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சியொன்று உண்டு. பயணமொன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவிக்கிறது. அங்கு வந்த அண்ணலார், குஞ்சுகளைப் பிரித்து இதனைத் துயருறச் செய்தவர் யார் என வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் பணிக்கிறார்கள். அங்கே பறவை பேசவில்லை, வாக்குறுதி தரவில்லை, யாரும் வியந்து ஈமான் கொள்ளவும் இல்லை. அது தவித்தது, அவர்கள் கண்டார்கள். மான் படலத்தின் கரு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இதனருகே வைத்துப் படிக்கும்போதே அப்படலத்தின் பொருள் நமக்கு முழுமையாகக் கிட்டும். மானின் நாவு, வாயற்ற உயிரின் தவிப்பை நம் செவிக்கு எட்டச் செய்யப் புலவர் கண்ட வழி என்று அப்போது கொள்ளலாம்.

இவ்வாறு படிப்பதால் இன்று நமக்கு ஆவதென்ன? நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற வேதனை தரும் வகையில் விலங்கை ஏற்றிச் செல்வதையும், உரிமையாளன் அதற்குப் போதிய தீனியும் நீரும் தராதிருப்பதையும் குற்றம் என்கிறது. முதற்குற்றத்துக்கு அச்சட்டம் இட்ட அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இதுவே அரசு விலங்கின் வேதனைக்கு இட்ட விலை. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒரு சமயத்தார் தம் மார்க்கம் வேண்டும் முறையில் விலங்கை அறுப்பதைக் குற்றமாகக் கொள்ளாது விலக்களிக்கிறது. இப்பிரிவை நாம் நன்கறிவோம்; நம் உரிமைக்காக எடுத்துக்காட்டவும் செய்கிறோம். அது முறையே. ஆனால் அவ்விலக்கு அறுக்கும் முறைக்கு மட்டுமே உரியது. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நான்கு காலும் கட்டி, தலை தொங்க, இருசக்கர வண்டியில் வெயிலில் கொண்டுவரப்படும் ஆட்டுக்கு அப்பிரிவு எந்த மறைப்பும் தராது, மார்க்கமும் தராது. கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுபடும் உயிருக்கு இதமளியுங்கள் என்பது முஸ்லிம் நூலில் பதிவான நபிமொழியின் கருத்து. ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுப்பதையும், விலங்கின் முன்னே கத்தி தீட்டுவதையும் ஃபுகஹாக்கள் வெறுக்கத்தக்கவை என்றனர். இவற்றைக் காவலர் வந்து அபராதம் கேட்கும்வரை நாம் மறந்திருக்க வேண்டுமா?

நம் இல்லங்களில் இப்படலத்தை ஓதிக் கேட்ட தலைமுறைகள் உண்டு. கேட்ட பிள்ளைகள் மான் பேசியதை மறக்கவில்லை. பிணை நிற்பது அண்ணலாரின் அற்புதம் அன்று, ஸுன்னத்து என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திறனாய்வாளர் பணி. அற்புதம் நம்மால் ஆகாதது. பிணை நிற்பது ஆகும். சந்தையிலிருந்து வரும் ஆட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் வைப்பவரும், கன்றுக்கு விட்டபின் மிஞ்சியதைக் கறப்பவரும் உமறுப் புலவரைச் சரியாகப் படித்தவர்களே.