சிவாஜிக்கு ஏன் கொடுக்கவில்லை? - விருதுக் கணக்கும் நடிப்புக் கணக்கும்

விஷ்ராந்த்வாடியில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் சினிமாவில்தான் போய் நிற்கும். அடுத்து யாருடைய படம் வருகிறது, புனேயில் எந்தத் தியேட்டரில் போடுவார்கள், முதல் நாளே டிக்கெட் கிடைக்குமா என்று இளைஞர்கள் ஒரு பக்கம். இந்த வருஷம் தேசிய விருது யாருக்கு என்று நடுவயதுக்காரர்கள் ஒரு பக்கம். விருதுப் பேச்சு சூடு பிடித்ததும் மூத்தவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அதெல்லாம் இருக்கட்டும் சார், நம்ம சிவாஜிக்கு ஏன் ஒரு தடவைகூட சிறந்த நடிகர் விருது குடுக்கல?" இன்னொருவர், "வடக்கத்திக்காரன் குடுப்பானா?" என்பார். அத்தோடு விவாதம் முடிந்துவிடும்.

கேள்வி நியாயமானது. அந்தப் பதில்தான் போதாது என்பது என் கட்சி. நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். பெரியவர்கள் தமிழில் சூடாக விவாதிப்பதை அவர்கள் கேட்பது பெரும்பாலும் சினிமாப் பேச்சில்தான். அதில் அவர்களுக்கு நாம் கொடுப்பது மனக்குறை மட்டும்தானா, அல்லது ஒரு நடிப்பைப் பார்த்து மதிப்பிடும் கண்ணையும் கொடுக்கிறோமா? இதற்காகவே இந்த விசாரணை.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். நடிப்புக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதலில் பெற்றவர் வங்க நடிகர் உத்தம் குமார். ஆக, வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), பாசமலர் (1961), கப்பலோட்டிய தமிழன் (1961), நவராத்திரி (1964), திருவிளையாடல் (1965) ஆகிய படங்கள் வந்தபோது அப்படி ஒரு விருதே இல்லை. கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் அப்போது கொடுக்க விருது இல்லை.

அடுத்தது வடக்கு, தெற்கு என்ற வாதம். ரிக்ஷாக்காரன் படத்துக்காக (1971) எம்.ஜி.ஆர். இதே விருதைப் பெற்றார். மூன்றாம் பிறை, நாயகன், இந்தியன் என்று கமல்ஹாசன் மூன்று தடவை பெற்றார். பிதாமகனுக்கு விக்ரம், ஆடுகளம், அசுரன் இரண்டுக்கும் தனுஷ், சூரரைப் போற்று படத்துக்குச் சூர்யா என்று பட்டியல் நீள்கிறது. எனவே 'தமிழன் என்பதால் கொடுக்கவில்லை' என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது.

அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன? 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். 1968-இல் தில்லானா மோகனாம்பாள் வந்தது. தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருதும் பெற்றது. ஆனால் சிறந்த நடிகர் விருது ஆசீர்வாத் இந்திப் படத்துக்காக அசோக் குமாருக்குப் போனது. 1969-இல் தெய்வமகன் வந்தது. அதுதான் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம். ("ஆஸ்கருக்கு நாமினேட் ஆச்சு" என்று நம்மவர்கள் சொல்வது சரியல்ல. அனுப்பப்படுவது வேறு, இறுதிப் பரிந்துரைப் பட்டியலில் இடம் பெறுவது வேறு.) அந்த ஆண்டு விருது மிருணாள் சென்னின் புவன் ஷோம் படத்துக்காக உத்பல் தத்துக்குப் போனது.

புவன் ஷோம் ஒரு கண்டிப்பான ரயில்வே அதிகாரியின் கதை. நீண்ட வசனம் இல்லை, கண்ணீர்க் கொந்தளிப்பு இல்லை. இந்தியாவில் புதிய சினிமா என்று பின்னால் பேசப்பட்ட அலையின் ஆரம்பப் படங்களில் அது ஒன்று. அதன் ஒளிப்பதிவாளர் கே.கே. மகாஜன் படித்தது நம்ம புனேயில், லா காலேஜ் ரோடுக்குப் பக்கத்தில், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியில்! ஜெயா பாதுரி, நஸிருத்தீன் ஷா போன்றவர்கள் நடிப்புப் பயின்று வெளிவந்ததும் அங்கிருந்துதான். அடக்கி நடிப்பதே நல்ல நடிப்பு என்ற அளவுகோல் நாட்டில் வலுப்பெற்ற காலம் அது. அந்த அளவுகோலுக்கு நம் ஊரும் ஒரு பட்டறை. சிவாஜி வேறொரு பட்டறையில் உருவானவர்.

அது எந்தப் பட்டறை? சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் கட்டியவர் வி.சி. கணேசன். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர்தான் 'சிவாஜி'. நம் மராத்திய அண்டை வீட்டாருக்கு இதைச் சொன்னால் மகிழ்ந்து போவார்கள்! மைக் போதாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் குரல் கேட்க வேண்டும், முகம் தெரிய வேண்டும் என்பது மேடை நடிகனின் கடமை. தெருக்கூத்துக்காரரும் கதகளிக் கலைஞரும் 'மிகையாக' நடிக்கிறார்கள் என்று யாராவது குறை சொல்வார்களா?

ஆனால் "அது எங்க பாணி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. காட்சியைக் காட்டிப் பேச வேண்டும். தில்லானாவையே எடுத்துக்கொள்வோம். காயம்பட்டுத் தேறி வந்த நாதஸ்வர வித்துவான் சண்முகசுந்தரம் சபையில் வாசிக்கிறான். மோகனா ஆடிக்கொண்டே பாட்டில் நலம் விசாரிக்கிறாள். அடுக்கு வசனத்துக்குப் பேர்போன நடிகருக்கு அங்கே வாயில் சீவாளி! பேச வழியில்லை. கன்னம் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, விரல்கள் துளைகளில் ஓடுகின்றன. இதற்கிடையே பதில் முழுவதும் கண்ணில்தான் வருகிறது. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் பார்க்கும்போது நமக்கு அது நினைவுக்கு வருகிறதா? அடக்கி நடிக்கத் தெரியாதவரால் இதைச் செய்ய முடியுமா?

இன்னொரு ஒப்பீடு. பாசமலர் படத்தை அதே பீம்சிங் இந்தியில் ராக்கி (1962) என்று எடுத்தார். சிவாஜி நடித்த அண்ணன் வேடத்தில் அசோக் குமார். அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். சிவாஜி துயரத்தைப் பெருக்கிக் காட்டுகிறார். அசோக் குமார் அதைக் குறைத்துக் காட்டுகிறார். இரண்டும் இரண்டு ராகம். ஒன்றைக் கேட்டு இன்னொன்றைத் தள்ளுவது ரசனை ஆகாது. இதை நம் பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறையையும் மறைக்கக் கூடாது. எழுபதுகளின் பிற்பாதியில் வந்த பல படங்களில் சிவாஜி தன் பழைய உத்திகளையே திரும்பச் செய்தார். கைதட்டல் வரும் இடம் தெரிந்துகொண்டு நடித்தார் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு ரசிகர்களாகிய நாமும் பொறுப்பு. நாம் கேட்டதை அவர் கொடுத்தார். தேவர் மகனில் (1992) வேறொருவர் போல வந்து நின்றார். ஊரை விட்டுத் தொழில் செய்யப் போகிறேன் என்னும் மகனோடு பேசும் பெரிய தேவரின் தணிந்த குரல், நடுக்கம், பாதியில் விட்ட மூச்சு எல்லாம் சேர்ந்து, நாற்பது ஆண்டுத் திரை வாழ்க்கைக்குப் பின்னும் ஒரு நடிகன் புதிதாகக் கற்க முடியும் என்பதற்குச் சாட்சி. அதற்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது; சிறந்த நடிகர் விருது அப்போதும் இல்லை. 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது வந்தது. 2001 ஜூலை 21-ஆம் தேதி அவர் மறைந்தார்.

1968-இல் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே இன்றும் என் தீர்ப்பு. அது தமிழன் என்ற உரிமைக்காக அல்ல, சீவாளி வாயில் இருக்கும்போது அந்தக் கண்கள் பேசியதற்காக. அடுத்த தடவை "ஏன் குடுக்கல?" என்று யாராவது கேட்டால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். கூடவே புவன் ஷோமும் காட்டுங்கள். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று தமிழிலேயே கேளுங்கள். அவர்கள் உத்பல் தத் பக்கம் சாய்ந்தாலும் பாதகமில்லை; காரணத்தைத் தமிழில் சொல்லட்டும்.