தெரிந்து தெளிதலும் ஆளுமைத் தேர்வும்

கைப்பேசி வினாக்களுக்கு விடையளித்து, 16 வகையுள் தாம் இன்ன வகையினர் எனக் கூறும் மாணவர் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உளர். பிரிக்ஸ் அம்மையாரும் அவர் மகள் மையர்சும் வகுத்த முறையின் வழிவந்தது இது.

ஆளைத் தேர்ந்தறியும் கலையைத் திருக்குறளின் 51-ஆம் அதிகாரமும் பேசுகின்றது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கையும் பரிமேலழகர், அரசன் பிறரை ஏவி நடத்தும் சோதனைகளாக விரிக்கிறார். இன்பச் சோதனைக்குத் தவமுதுமகள் ஒருத்தியே தூது செல்கிறாள்! இவ்வுரை அர்த்தசாத்திரத்தோடு ஒட்டுமளவு 505-ஆம் குறளோடு ஒட்டவில்லை. அங்கு உரைகல்லாவது அவரவர் செயலே. எனினும் அச்சூழ்ச்சியும் செயலையே நோக்குகின்றது. வினாத்தாளோ, ஒருவன் தன்னைப்பற்றிச் சொன்னதை அவனுக்கே திருப்பிச் சொல்கின்றது.

‘அகமுகன்’ என முத்திரை பெற்ற சிறுவனைப் பேச்சுப் போட்டிக்கு அழையாது விடும் ஆசிரியர், முதலில் அவனை ஒருமுறை மேடையேற்றிப் பார்த்தாரா?