பூட்டு திறந்துவிடுகிறது, பதில் சொல்ல யார்?

அமெரிக்காவில் வாடகை வீடு பார்க்கப் போகிறவரை வரவேற்க இப்போது பல வளாகங்களில் ஆள் வருவதில்லை. டாலஸை ஒட்டிய இர்விங், ஃப்ரிஸ்கோ, வட கரோலினாவின் கேரி என்று நம்மவர்கள் நிறையப் பேர் வந்து இறங்கும் ஊர்களில் இது சாதாரணமாகிவிட்டது. இணையதளத்தில் நாளும் நேரமும் குறிக்கிறோம். ஓட்டுநர் உரிமத்தைப் படமெடுத்து ஏற்றுகிறோம், கூடவே நம் முகத்தையும். சில நிறுவனங்கள் கிரெடிட் கார்டையும் சரிபார்க்கின்றன. குறித்த நேரத்தில் கைப்பேசிக்கு ஓர் எண் வருகிறது. அதை அழுத்தினால் வாசல் கதவும், காலியாகக் கிடக்கும் வீட்டின் கதவும் திறக்கின்றன. கொடுத்த நேரத்துக்குள் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். பிறகு அந்த எண் செல்லாது.

இந்த முறை வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் வீட்டைக் காட்டும் ஆளை எடுத்தபோது, வீட்டைப் பற்றிப் பதில் சொல்லும் கடமையையும் நிறுவனங்கள் சேர்த்தே எடுத்துவிட்டன. அதைத்தான் இங்கே விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அப்படிக் கைமாறிய தனி வீடுகளை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடப் பெரிய நிறுவனங்கள் கிளம்பின. பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் 2012-ல் தொடங்கிய இன்விடேஷன் ஹோம்ஸ் அவற்றில் முதன்மையானது. தெருவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் காட்டுவது கட்டுப்படியாகவில்லை. ரென்ட்லி போன்ற நிறுவனங்கள் சாவிப் பெட்டியோடும் மென்பொருளோடும் அந்த இடத்துக்கு வந்தன. ரென்ட்லிக்குக் கோயம்புத்தூரில் மென்பொருள் அலுவலகம் இருக்கிறது. டெக்சாஸில் நம்மவர் ஒருவர் திறக்கும் கதவில் கொங்கு நாட்டுப் பொறியாளர் ஒருவரின் உழைப்பும் இருக்கக்கூடும். 2020-ல் கொரோனா வந்து ஆளுக்கு ஆள் விலகி நிற்க வேண்டியிருந்தபோது, அடுக்குமாடி வளாகங்களும் இதே வழிக்கு வந்தன. தொற்று போன பிறகும் பழக்கம் போகவில்லை.

முன்பு வீட்டைக் காட்டிய அந்த ஆளுக்கு லீசிங் ஏஜென்ட் என்று பெயர். ஏஜென்ட் என்றதும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கும் நம் ஊர்ப் புரோக்கரை நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர் வளாக நிர்வாகத்தின் சம்பள ஆள். வீடு வாடகைக்குப் போனால் பல இடங்களில் அவருக்குத் தனியாக ஒரு தொகை கிடைக்கும். அதனால் அவர் நம்மை முதலில் அழைத்துப் போவது மாடல் வீட்டுக்கு. சோபா, விளக்கு, மேசைமேல் பழத்தட்டு எல்லாம் அங்கே இருக்கும். நாம் குடியேறப்போகும் வீடு வேறு மாடியில், வேறு பக்கம் பார்த்து இருக்கும். வாடகையைக் குறைத்துத் தரும் அதிகாரமும் பெரிய வளாகங்களில் அவரிடம் அநேகமாக இருப்பதில்லை. விலையை மென்பொருள் பரிந்துரைக்கிறது, அவர் திரையைப் பார்த்துப் படிக்கிறார். அப்படியொரு விலை மென்பொருளை விற்கும் ரியல்பேஜ் மீது அமெரிக்க நீதித்துறை 2024 ஆகஸ்டில் வழக்கே போட்டது. ஆகவே, ஏஜென்ட் போனதால் பேரம் பேசும் வாய்ப்பு போய்விட்டது என்று வருந்துபவர்களோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. அது அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தது.

தனியே போவதன் உண்மையான லாபம் சமையலறையில் தெரியும். அமெரிக்க அடுக்குமாடிகள் பலவற்றில் அடுப்புக்கு மேலே மைக்ரோவேவ் தொங்கும், அதன் அடியில் புகை உறிஞ்சும் விசிறி இருக்கும். அந்த விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது ஒரு வடிகட்டி வழியாக இழுத்து அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்பதுதான் கேள்வி. விசிறியைப் போட்டுவிட்டு மைக்ரோவேவின் மேல் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முகத்தில் காற்று அடித்தால் புகை எங்கும் போகவில்லை என்று பொருள். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது, நான்கடி தள்ளிக் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி என்றால், மிளகாய் வற்றல் தாளிக்கிற ஒவ்வொரு முறையும் அது அலறும். இதை ஏஜென்டின் முன்னால் நின்று சோதிக்கப் பலருக்குக் கூச்சம். தனியாக இருக்கும்போது கூச்சமில்லை. சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்க்கலாம், வெந்நீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று குழாயைத் திறந்துவிட்டு நிற்கலாம், மேல்மாடிக் காலடிச் சத்தம் மரத்தளத்தின் வழியாக எப்படி இறங்குகிறது என்று பேசாமல் கேட்கலாம். வேலை முடிந்து மாலை ஏழு மணிக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் மிஞ்சுகிறதா என்பதும் தெரியும். அலுவலக நேரத்தில் ஏஜென்டோடு போனவர் வண்டிகளெல்லாம் வெளியே போயிருக்கும் காலி மைதானத்தைத்தான் பார்த்திருப்பார்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. முகத்துக்கு நேராக மறுப்பது அதன்பின் குறைந்தது. காட்டாமல் விடுவது தொடர்ந்தது. அமெரிக்க வீட்டுவசதித் துறை 2012-ல் 28 பெருநகரப் பகுதிகளில் 8,000-க்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தியது. தகுதியில் ஒப்பான இருவர், ஒருவர் வெள்ளையர், மற்றவர் சிறுபான்மையினர், ஒரே விளம்பரத்தைப் பார்த்துத் தனித்தனியே போய்க் கேட்டார்கள். 2013-ல் வெளியான முடிவுகளின்படி, வாடகைக்குத் தேடிய ஆசியர்களுக்கு வெள்ளையரைவிட 9.8 சதவீதம் குறைவான வீடுகளைப் பற்றியே தகவல் சொல்லப்பட்டது. நேரில் காட்டியதும் 6.6 சதவீதம் குறைவு. கறுப்பர்களுக்கும் ஹிஸ்பானியர்களுக்கும் இதே கதைதான். இப்படிப்பட்ட பாகுபாட்டில் பாதிக்கப்பட்டவருக்கே விஷயம் தெரியாது. ஏஜென்ட் சிரித்த முகத்தோடுதான் பேசியிருப்பார். காலியான வீடுகள் எல்லாம் திரையில் வரிசையாகத் தெரிந்து, கேட்டவருக்கெல்லாம் எண் கிடைக்கும்போது, காட்டாமல் விடுவதற்கான இடம் பெருமளவு சுருங்குகிறது. என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுக்கும் வீட்டுக்காரர்களை ஊரில் பார்த்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தப் பூட்டு எல்லோரையும் ஒன்றுபோல நடத்துகிறது என்று சொல்லிவிட முடியாது. போன வாரம் வந்து இறங்கியவரிடம் அமெரிக்க உரிமமோ அந்நாட்டு கிரெடிட் கார்டோ இருக்காது. லீசிங் ஆபீசில் பாஸ்போர்ட்டையும் வேலை உத்தரவையும் மேசைமேல் வைத்துப் பேசினால் புரிந்துகொள்ள ஒருவர் இருந்தார். மென்பொருள் ஏற்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க முடியாது.

எனக்குப் பெரிதாகப் படும் குறைக்கு வருகிறேன். அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இன்விடேஷன் ஹோம்ஸ் மீது கொண்டுவந்த புகார் 2024 செப்டம்பரில் 4.8 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. புகாரில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. 2018-லிருந்து 2023 வரை 33,000-க்கும் மேற்பட்ட வீடுகளில், குடிவந்த முதல் வாரத்துக்குள்ளேயே பழுதுபார்க்கச் சொல்லி விண்ணப்பம் போயிருக்கிறது. குழாய், மின்சாரம், வெப்பமூட்டி என்று அடிப்படையான பழுதுகள். அரை மணி நேரம் தனியாகச் சுற்றிப் பார்க்கிறவர் ஜூலை மாதத்தில் வெப்பமூட்டியைச் சோதிப்பாரா? அவர் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். நல்ல நிலையில் வீட்டைக் கொடுப்பது கொடுப்பவரின் வேலை. தனியே பார்க்கும் முறை பரவப் பரவ, நீங்கள்தானே பார்த்துவிட்டு வந்தீர்கள் என்ற ஒரு வாதம் நிர்வாகத்தின் கைக்கு வந்து சேர்கிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் உறுத்துகிறது. விளம்பர வாடகையில் சேர்க்காமல் கட்டாயமாக வசூலித்த கட்டணங்கள் ஆண்டுக்கு 1,700 டாலருக்கு மேல்கூடப் போகலாம் என்றது ஆணையம். அந்தப் பட்டியலில் ஸ்மார்ட் ஹோம் கட்டணமும் ஒன்று. நிறுவனத்துக்கு ஆள் சம்பளத்தை மிச்சப்படுத்திய அதே பூட்டுக்குக் குடியிருப்பவர் மாதாமாதம் பணம் கட்டுகிறார். ஏஜென்ட் இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார் என்று நான் வாதாடவில்லை. வாடகை போக வேறென்ன என்று கேட்கவாவது எதிரே ஒருவர் இருந்திருப்பார்.

மோசடிக்காரர்களுக்கும் இந்த முறை வசதியாகிவிட்டது. உண்மையான விளம்பரத்தின் படங்களை எடுத்து, வாடகையைக் குறைத்து, கிரெய்க்ஸ்லிஸ்டிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ வீட்டுக்காரர்போலப் போடுகிறார்கள். யாராவது கேட்டால், திருடிய அடையாளத்தைக் காட்டி நிறுவனத்திடமிருந்து எண்ணை வாங்கி அவருக்கு அனுப்புகிறார்கள். அவர் போய் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நம்பி, டெபாசிட்டை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பிவிடுகிறார். உள்ளே போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதே என்பதுதான் இத்தனை காலமும் பெரியவர்கள் சொன்ன எச்சரிக்கை. கதவைத் திறந்து காட்டுவதே உரிமைக்கு அத்தாட்சி என்று நாம் எடுத்துக்கொண்டிருந்தோம். இனி அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வளாகத்தின் சொந்த இணையதளத்துக்குள் போய் அதே வீடு அதே வாடகைக்கு இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது.

இதற்கெல்லாம் மருந்து ஏஜென்டை மறுபடி கொண்டுவந்து உட்கார வைப்பதுதானா? எல்லா இடத்திலும் அது தேவைப்படாது. எண்ணை அனுப்பும் அதே செய்தியில் மாதம் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வரட்டும். அந்த வீட்டில் கடந்த ஓராண்டில் என்னென்ன பழுது பார்த்தார்கள் என்ற பட்டியல் வரட்டும். கேள்வி கேட்டால் பெயர் சொல்லிப் பதில் எழுதும் ஒருவர் இருக்கட்டும். இப்போது பல வளாகங்களில் கேள்விக்கு மென்பொருளே பதில் எழுதுகிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் மட்டுமே செல்லும், வேறு எந்த வாக்குறுதியும் கட்டுப்படுத்தாது என்று லீஸில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். ஆகவே சாட்டில் கிடைத்த பதிலை லீஸோடு இணைப்பாகச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

நிறுவனங்கள் இதைத் தாமாகச் செய்யும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டம்தான் செய்விக்க வேண்டும். மறைமுகக் கட்டணங்களுக்கு எதிராக மத்திய வணிக ஆணையம் 2023-ல் முன்மொழிந்த விதி எல்லாத் தொழில்களுக்குமானதாக இருந்தது. 2024 டிசம்பரில் இறுதி வடிவம் வந்தபோது அது நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கும் ஓட்டல் போன்ற குறுகிய காலத் தங்கலுக்கும் மட்டும் என்று சுருங்கிவிட்டது. மின்னசோட்டா, கொலராடோ போன்ற சில மாநிலங்கள் வாடகை வீடுகளுக்கும் சேர்த்துச் சொந்தச் சட்டம் போட்டிருக்கின்றன. மற்ற பல மாநிலங்களில், ஓர் இரவு தங்கும் ஓட்டல் அறைக்கு மொத்த விலையைச் சொல்லியாக வேண்டும். ஓராண்டு குடியிருக்கும் வீட்டுக்கு வேண்டியதில்லை.