பாவைக்கூத்தில் வாளுருவியவர்

கதை நூலும் கையுமாய் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இதிலேயே மூழ்கிக் கிடந்தால் புத்தி பேதலித்துப் போகும்" என்று கண்டியாத இல்லம் நம்மவரிடையே அரிது. வாப்பாவின் சினத்திற்கு அஞ்சிப் பாடநூலுக்குள் கதைநூலை மறைத்து வைத்துப் படித்தவர்கள் நம்முள் பலர். கதையில் தன்னை இழத்தல் ஒரு நோய்தானா? நோயாயின் அதன் வேர் எங்கே உள்ளது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், கதை படித்தே அறிவு திரிந்த ஒருவனைத் தலைவனாகக் கொண்ட நூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605ஆம் ஆண்டில் முதற்பாகமாகவும், 1615ஆம் ஆண்டில் இரண்டாம் பாகமாகவும் வெளியிட்ட 'டான் குயிக்ஸாட்' என்பதே அந்நூல்.

லா மான்ச்சா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும், ஐம்பதை எட்டும் பெரியவர் ஒருவர், வீரர்களின் சாகசக் கதைகளை இரவு பகலாய்ப் படிக்கிறார். விளைநிலத்தை விற்று நூல் வாங்குகிறார். இறுதியில் தாமே அவ்வீரருள் ஒருவர் என நம்பி, துருப்பிடித்த கவசம் பூண்டு, மெலிந்த குதிரையேறிப் புறப்பட்டு விடுகிறார். இந்தக் கதையைக் கேட்ட அளவில், "பார்த்தீர்களா, நாம் சொன்னது சரியாயிற்று" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறக்கூடும். நூலைப் பொறுமையுடன் படிப்பவர்க்கோ அது வேறு செய்தியையும் சொல்கிறது.

முதலில் அவர் வீட்டார் செய்த மருத்துவத்தைக் காண்போம். ஊர்ப் பாதிரியாரும் நாவிதரும் நூலறைக்குள் புகுந்து, ஒவ்வொரு நூலாய் எடுத்து விசாரணை நடத்துகிறார்கள். சிலவற்றிற்கு மன்னிப்பு, ஏனையவற்றிற்கு முற்றத்தில் தீ. பிறகு அறையின் வாயிலையே சுவர் எழுப்பி மறைத்து விடுகிறார்கள். நூலகத்தை ஒரு மாயாவி தூக்கிச் சென்று விட்டான் என்று பெரியவரிடம் கூறுகிறார்கள். விளைவு யாது? அவர் அதை உடனே நம்புகிறார்; தமக்குப் பகைவனான மந்திரவாதி இன்னான் என்றும் விளக்கம் தருகிறார். நோயைத் தீர்க்கச் சொன்ன பொய்யே நோய்க்குத் தீனியாயிற்று. நூலைப் பறித்தும் எரித்தும் பிள்ளைகளைத் திருத்திவிடலாம் என எண்ணுவோர் இவ்விடத்தை இருமுறை படிக்க வேண்டும்.

இதே நூலில், முதற்பாகத்தின் 32ஆம் இயலில், ஒரு சத்திரக்காட்சி வருகிறது. அறுவடைக் காலத்து விடுமுறை நாள்களில் கதிரறுப்போர் சத்திரத்தில் கூடுவர். எழுத்தறிந்த ஒருவர் சாகசக் கதையை உரக்கப் படிக்க, முப்பதுக்கும் மேற்பட்டோர் சூழ்ந்திருந்து செவிமடுப்பர். சத்திரக்காரனுக்கு வாள்வீச்சுக் கட்டங்களே உயிர். அவன் மகளுக்கோ, பிரிவால் வாடும் வீரனின் புலம்பலைக் கேட்டால் கண்ணீர் பெருகும். பணிப்பெண்ணுக்குத் தோப்பு நிழலில் காதலர் சந்திக்கும் கட்டம் தேனாய் இனிக்கிறது. மனைவிக்குக் கதையே வேண்டாம். கணவன் அதில் மூழ்கியிருக்கும் நேரமே வீட்டில் சண்டையில்லாத நேரம் என்பதால் அவளும் மகிழ்கிறாள்! ஒரே கதை, கேட்போர் ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்திய ஆடையை அதிலிருந்து எடுத்து அணிந்து கொள்கின்றனர்.

இக்காட்சி நமக்குப் புதியதன்று. சீறாப்புராணத்தை ஒருவர் இசையுடன் படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரே திரண்டு கேட்டிருந்த இரவுகளை நம் முன்னோர் அறிவர். கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் முனாஜாத்துகளும் இல்லந்தோறும் ஒலித்தன. மானுக்குப் பிணை நின்ற பாடலைக் கேட்டு உருகிய மூதாட்டி, அக்கணம் குட்டிகளைப் பிரிந்த அந்த மானாகவே இருந்தாள். அதனால் அவளுடைய அறிவு பேதலிக்கவில்லை, நெஞ்சம் விரிந்தது.

சத்திரக்காரனிடம் இன்னொரு நுட்பமும் உண்டு. அரசவையின் இசைவு பெற்று அச்சேறிய நூல் பொய்யுரைக்குமா என்று அவன் பாதிரியாரிடம் வாதாடுகிறான். கதை முழுவதும் உண்மை என்றே நம்புகிறான். எனினும் அக்கால வழக்கம் இக்காலத்தில் இல்லை என உணர்ந்து, வாளெடுத்துக் கிளம்பாமல் சத்திரத்தையே நடத்தி வருகிறான். ஆகவே மூழ்குதல் வேறு, மூழ்கியபின் கரையேறாமை வேறு. பெரியவரின் நோய் இரண்டாவதில் இருக்கிறது.

இனி, நம் சிந்தனையை மிகவும் தூண்டும் காட்சிக்கு வருவோம். இரண்டாம் பாகத்தின் 26ஆம் இயலில் ஒரு பாவைக்கூத்து நடைபெறுகிறது. முஸ்லிம்கள் ஆளும் நகரொன்றில் சிறைப்பட்டிருக்கும் மெலிசெந்திரா என்னும் கிறிஸ்தவ மங்கையை அவளுடைய கணவன் மீட்டுச் செல்வதே கதை. ஒரு சிறுவன் கோலால் சுட்டிச் சுட்டி விளக்கம் சொல்கிறான். தப்பியோடும் செய்தி பரவ, பள்ளிவாசல் கோபுரங்களிலெல்லாம் மணிகள் முழங்குவதாக அவன் கூறிய அளவில் டான் குயிக்ஸாட் குறுக்கிடுகிறார். முஸ்லிம்களிடம் மணியடிக்கும் வழக்கம் இல்லை. முரசும் குழலுமே அவர்கள் பயன்படுத்துவன என்று பிழை திருத்துகிறார். கூத்துக்காரனோ, ஆயிரம் பிழைகள் மலிந்த நாடகங்கள் மேடையில் வெற்றியுடன் நடக்கவில்லையா, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று சமாளிக்கிறான்.

அடுத்த சில கணங்களில் நிகழ்வதைப் பாருங்கள். தப்பியோடும் தம்பதியரை முஸ்லிம் குதிரைப்படை துரத்துவதைக் கண்டதும், பிழை திருத்திய அதே மனிதர் வாளை உருவிக் கொண்டு மேடைமீது பாய்கிறார். முஸ்லிம் பாவைகளை வெட்டிக் குவிக்கிறார். கூத்துக்காரன் அலறியும் பயனில்லை. அரங்கமே சிதைந்து போகிறது.

செர்வாண்டிசின் மேதைமை இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் விளங்குகிறது என்போம். கதையில் குற்றம் காணத் தெரிந்தவன் கதைக்கு மயங்கமாட்டான் என்று திறனாய்வாளராகிய நாம் எண்ணிக் கொள்கிறோம். அது வீண் எண்ணம். மணியின் பிழையைக் கண்ட அறிவு ஒரு புறம் இருக்க, துரத்துவோரைக் கண்டு துடித்த நெஞ்சு மறுபுறம் தன் போக்கில் போயிற்று. பின்னர் அவர் தெளிந்து, உடைந்த பாவைகளுக்கு விலையும் கொடுக்கிறார். தலையிழந்த மர்சீலியோ மன்னருக்கு நாலரை ரியால். ஆனால் மூக்கிழந்த மெலிசெந்திராவுக்கு விலை கேட்டபோது மட்டும், அவள் இந்நேரம் பிரான்சு சேர்ந்திருப்பாளே என்கிறார்! பணப்பை தெளிந்துவிட்டது, மனம் இன்னும் தெளியவில்லை.

இக்காட்சியைப் படித்து நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி எழுந்தது: வெட்டுண்ட பாவைகள் யாருடையவை? நம் பெயர் தாங்கியவை அல்லவா? இளமையில் சரித்திரக் கதைகள் எத்தனையோ படித்தோம். கதைத் தலைவனின் குதிரையில் நாமும் ஏறிச் சென்றோம். அவன் வாள் நம் கையில் இருந்தது. அவன் எதிரியாய் வந்து, கொடுமீசையும் குரூரப் பார்வையுமாய் நின்று, இறுதியில் தலையுருண்டவனுக்கு நம் பாட்டனாரின் பெயர் இருந்ததை அன்று நாம் கவனிக்கவேயில்லை. கவனித்த நாளில் ஏற்பட்ட வலி சிறிதன்று. தன்னை இழந்து படிப்பதன் மெய்யான இடர் இதுவே என நாம் கருதுகிறோம். கதையாசிரியன் காட்டிய பக்கத்தில் மட்டும் நின்று, மறுபக்கத்தில் இருப்போரை மரப்பாவைகளாய்க் காணப் பழகி விடுகிறோம். அம்மறுபக்கத்தில் நாமே நின்றாலும் நம்மை நாம் காண்பதில்லை.

இதற்கு மாற்று மருந்தும் அந்நூலிலேயே இருப்பது வியப்பு. செர்வாண்டிஸ் 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டு இடக்கையின் பயனை இழந்தவர். 1575 முதல் 1580 வரை அல்ஜீரியத் தலைநகரில் சிறைக்கைதியாய் இருந்தவர். அத்தகையவர், தம் கதையின் மூல ஆசிரியராகக் கற்பித்துக் கொண்டது சீதே ஹமீதே பெனெங்கேலி என்னும் முஸ்லிம் வரலாற்றாசிரியரை! தொலேதோ நகரத்துக் கடைத்தெருவில் அரபு எழுத்தில் அமைந்த ஏட்டுக்கட்டை அரை ரியாலுக்கு வாங்கியதாகவும், மொரிஸ்கோ ஒருவரைத் தம் இல்லத்தில் ஒன்றரை மாதம் அமர்த்தி, உலர்ந்த திராட்சையும் கோதுமையும் கூலியாய் அளித்து மொழிபெயர்த்ததாகவும் கதை சொல்கிறார். கட்டாயத்தின்பேரில் மதம் மாற்றப்பட்ட ஸ்பானிய முஸ்லிம்களும் அவர்தம் வழியினருமே மொரிஸ்கோக்கள். கிரனாடாவில் அரபு மொழிக்கே 1567ஆம் ஆண்டின் ஆணை தடை விதித்திருந்தது என்பதை நினைவிற் கொண்டால், இக்கற்பனையின் துணிவு புலப்படும்.

அரபியர் பொய்யுரைப்போர் என்று செர்வாண்டிஸ் இடையிடையே குத்திக் காட்டுவதும் உண்டு. சாங்கோ என்னும் பணியாள் பெனெங்கேலியின் பெயரைக் கத்தரிக்காய் என்னும் பொருள்படும் சொல்லாய்த் திரித்து நகைப்பூட்டுவதும் உண்டு. ஆயினும் இரண்டாம் பாகத்தின் எட்டாம் இயல், பெனெங்கேலி மும்முறை அல்லாஹ்வைப் புகழ்வதோடு தொடங்குகிறது. எந்தப் பாவைகளை டான் குயிக்ஸாட் வெட்டினாரோ, அவர்களுடைய இனத்தவர் ஒருவரின் எழுதுகோலிலிருந்தே அவருக்கு உயிர் வருகிறது.

ஸ்பெயினிலிருந்து மொரிஸ்கோக்களை 1609 முதல் 1614 வரை அரசு வெளியேற்றியது. ஏறத்தாழ 3 இலட்சம் பேர் பிறந்த மண்ணை இழந்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாம் பாகத்தில், அவ்வாறு துரத்தப்பட்ட ரிக்கோத்தே, ஜெர்மானிய யாத்திரிகர்போல் மாறுவேடம் பூண்டு, புதைத்து வைத்த செல்வத்தைத் தேடி ஊர் திரும்புகிறார். வழியில் பழைய அண்டைவீட்டுக்காரனான சாங்கோவைக் கண்டு கட்டித் தழுவுகிறார். சென்ற இடமெல்லாம் ஸ்பெயினை எண்ணி அழுதோம் என்று அவர் சொல்லும் இடத்தில் கல்நெஞ்சும் கரையும். அவர் மகள் ஊரைவிட்டுப் போன நாளில் ஊரே வெளியில் வந்து பார்த்ததையும், தான் அழுததையும் சாங்கோ சொல்கிறான். அரசாணைக்கு அஞ்சிப் புதையலுக்கு உதவ மறுக்கிறான். ஆயினும் நண்பரைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று வாக்களிக்கிறான். மேடையில் மரப்பாவையாய் நின்றவர் இங்கே மனிதராய் வந்து, அருகமர்ந்து ரொட்டி உண்கிறார்.

இவ்விடத்தில் குறையொன்றையும் கூறாது விடுதல் திறனாய்வு நேர்மையாகாது. அந்நாடு கடத்தல் ஆணை நியாயமானதே என்று ரிக்கோத்தேயின் வாயாலேயே செர்வாண்டிஸ் சொல்ல வைக்கிறார். அவர் மகளை ஐயத்திற்கிடமில்லாத கிறிஸ்தவளாய்ப் படைத்த பின்னரே படிப்போரின் முழு இரக்கத்தையும் கோருகிறார். தணிக்கைக்கு அஞ்சி எழுதினாரா, உளமார எழுதினாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். எதுவாயினும், தன் மார்க்கத்தை விடாது பற்றி நின்று நாடிழந்த ஒருவரை நாம் அந்நூலில் சந்திக்க முடிவதில்லை. அவரை எழுதும் கடமை வேறு கைகளுக்காகக் காத்திருக்கிறது.

ஆகவே, கதையில் ஆழ்ந்திருக்கும் பிள்ளையைக் காணும்போது நூலைப் பறிக்க வேண்டாம் என்போம். தன்னை மறந்து பிறனாய் நிற்கும் ஆற்றல் இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் ஒன்று. பிறர் துயரை உணர்வதற்கு அதுவே வாயில். படித்து முடிக்கட்டும். பின்பு அருகிலமர்ந்து, "நீ யாருடைய குதிரையில் போனாய்? யார் வெட்டுண்டார்கள்? அவர்கள் வீட்டில் அன்றிரவு யார் அழுதிருப்பார்கள்?" என்று கேட்போம். பிள்ளை சற்று யோசித்து விடை சொல்லத் தொடங்கினால் அது கரையேறிவிட்டது என்று கொள்ளலாம். அதே கேள்விகளை நம்மையும் நாம் கேட்டுக் கொள்வோமாக. நாம் விரும்பிப் படிக்கும் கதைகளிலும் பாவைகளாய் வெட்டுண்போர் இருக்கக் கூடும்.